தைலக்காரர் மனைவியின் தலை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் என் பின்னலை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். அவிழ்த்தேன். முழங்காலுக்குக் கீழே விழுந்தது. மாப்பிள்ளையின் அக்கா எழுந்து வந்து, முடியைக் கொத்தாகப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தார். சவுரி வைத்து ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகம். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அசல்தான்டா" என்று தம்பியிடம் சொன்னார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார்.

யுத்தம் முடிந்திருந்த சமயம் அது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி ராயபுரம் வந்து சேர்ந்தேன். என் கணவர் அங்கே கூந்தல் தைலம் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தார். முன்னறை கடை. நடுவில் நாங்கள் புழங்கும் அறை. பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டுப் பெரிய அண்டாவில் தேங்காயெண்ணெய் கொதிக்கும். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, வெந்தயம் எல்லாம் அதில் போடுவார்கள். ஆனால் எண்ணெய்க்குப் பச்சை நிறம் வந்தது அவற்றால் இல்லை. கடைசியில் ஒரு சாயப்பொடி கலப்பார். குப்பத்துப் பெண்கள் வந்து பழைய புட்டிகளைக் கழுவிக் கவிழ்ப்பார்கள். துறைமுகத்துக் கரித்தூள் காற்றில் வந்து கழுவிய புட்டி மேலெல்லாம் படியும். மறுபடி கழுவுவார்கள்.

விதவையான அவருடைய அக்கா, என் மதினி, எங்களோடுதான் இருந்தார். வீட்டை ஆண்டவர் அவர்தான்.

கல்யாணமாகிச் சில வாரங்களில் ஒரு படம் வரைபவரைக் கூட்டி வந்தார் என் கணவர். முடியை விரித்துவிட்டுக்கொண்டு பின்கட்டில் வெயிலில் நின்றேன். காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை நிற்க வைத்தார்கள். "கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினால் முகமும் தெரியும், படம் நன்றாக இருக்கும்" என்றார் படக்காரர்.

"மொகம் எதுக்குங்க? முடி போதும்" என்றார் என் கணவர்.

அந்தப் படம் புட்டியின் மேல் ஒட்டும் லேபிளில் ஏறியது. முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண், முழங்காலுக்குக் கீழே விழும் கருத்த கூந்தல். தைலத்தைத் தேய்த்தால் இப்படி வளரும் என்று கீழே அச்சடித்திருந்தார்கள். அந்த முடி வளர்ந்தது என் அம்மா வீட்டில், செக்கு நல்லெண்ணெயிலும் சீயக்காயிலும். அவருடைய தைலத்தில் ஒரு சொட்டுகூட அதுவரை என் தலையில் பட்டதில்லை.

வியாபாரம் சூடு பிடித்தது. திருவொற்றியூர், எண்ணூர், பொன்னேரி என்று பல இடங்களிலிருந்து கடைக்காரர்கள் கொள்முதலுக்கு வருவார்கள். வந்தவர்களுக்கு நான்தான் காப்பி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தம்ளரை வைத்துவிட்டு உள்ளே திரும்பும்போது மெதுவாகத் திரும்ப வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்கும்: "பாத்தீகளா? எல்லாம் நம்ம சரக்குதான்." நான் பின்கட்டுக்குப் போய்ப் பின்னலை முடிச்சிட்டுக் கொண்டை போட்டுக்கொள்வேன். ஆண்கள் பார்த்த இடமெல்லாம் அழுக்கானது போல இருக்கும்.

மகள் பிறந்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்தது பெரிய காரியம் என்றார்கள். எழுந்து உட்கார்ந்து தலைக்குச் சீப்பு வைத்தேன். சீப்போடு முடி வந்தது. இழுக்கவே வேண்டியிருக்கவில்லை; பிடித்த இடத்திலிருந்து அப்படியே கையோடு வந்தது. தலையணையில், குழந்தையின் வாயில், சோற்றுத் தட்டில் எங்கே பார்த்தாலும் முடி.

நான் அழுதேன். அவர் அழவில்லை, பயந்துபோனார். அந்தப் பயம் எனக்காக இல்லை என்பது அன்றே தெரிந்தது. "உதுந்த முடிய வெளிய போட்றாத. புட்டி கழுவுறவளுக பாத்தா ஊரு பூரா சொல்லிருவாளுக. அடுப்புல போடு" என்றார். போட்டேன். கருகிய முடி நாற்றத்தில்தான் அந்த மாதங்களின் சோறெல்லாம் வெந்தது.

நெற்றிக்கு மேலே வகிடு அகன்றுகொண்டே போனது. காதுக்குப் பின்னால் ஒரு இடம் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. அதன் பிறகு கடைக்காரர்களுக்குக் காப்பி கொண்டுபோனவர் மதினி. எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லப்பட்டது. மதினி தன்னால் ஆனதையெல்லாம் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சின்ன வெங்காயத்தை இடித்துச் சாறெடுத்துத் தேய்த்தார். குன்றிமணியை அரைத்துப் பற்றுப் போட்டார். தலை எரிந்தது, நாறியது, முடி வரவில்லை. எங்கள் தைலத்தையும் தேய்த்துப் பார்த்தோம். புட்டி புட்டியாகத் தேய்த்தோம். தலையணை உறை பச்சையானது மிச்சம்.

அந்த நேரத்தில்தான் மருந்து வியாபாரத்தில் இருந்த ஒருவர் என் கணவருக்கு ஒரு யோசனை சொன்னார். சீமையிலிருந்து வரும் முடி வளர்க்கும் லோஷன்களில் ஒரு டிங்சர் சேர்ப்பார்களாம். ஏதோ ஒரு வகை வண்டைக் காயவைத்துப் பொடித்துச் சாராயத்தில் ஊறவைத்து எடுப்பது. அதைத் தேய்த்தால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து வேர் விழித்துக்கொள்ளுமாம். எவ்வளவு சேர்ப்பார்கள் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. டிங்சரை வாங்கி வந்து, விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் ரோஜா எசன்சும் கலந்து ஒரு புட்டி தயார் செய்தார். ஹேர் டானிக் என்று பெயர் வைத்தார்.

"ஒரு மாசம் விடாம பூசு. முடி மட்டும் வந்துட்டா நம்ம கம்பெனிய யாராலயும் பிடிக்க முடியாது" என்றார். கண் பளபளத்தது. கல்யாணமான நாளிலிருந்து என்னை அவ்வளவு ஆசையாக அவர் பார்த்ததில்லை.

முதல் சில நாட்கள் சூடாக மட்டும் இருந்தது. பிறகு தோல் சிவந்தது. பஞ்சை நனைத்து வகிட்டில் ஒற்றி எடுத்தால், எடுத்த இடத்தில் கங்கு வைத்தது போல ஒரு காந்தல். "எரியுதுங்க, தாங்க முடியல" என்றேன்.

"எரியத்தான் செய்யும். வேலை செய்யுது. பொறுத்துக்க."

கொப்புளம் வந்தது. சின்னச் சின்னதாக வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, உடைந்து, மஞ்சள் நீர் வடிந்தது. மிச்சமிருந்த முடி அந்த நீரில் ஒட்டிப் பசை போலக் காய்ந்தது. ஈ மொய்த்தது. படுத்தால் தலையணை ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுக்க வேண்டும். அதனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன். பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டு துண்டாகத் துவைத்துக் காயவைத்து வைத்துக்கொள்வேன், வடிகிறதை ஒற்றி எடுக்க. குழந்தை என் தலைமுடியைப் பிடித்து விளையாடிப் பழகியவள். தூக்கினால் கை அங்கேதான் போகும். பால் கொடுக்கும்போது அவள் இரண்டு கையையும் என் ஒரு கையால் பிடித்துக்கொள்வேன். அவள் திமிறி அழுவாள். டானிக்கு பட்ட கையோடு அவள் கண்ணைத் தொட்டுவிடக் கூடாதே என்று சோப்புப் போட்டுப் போட்டு என் விரல்கள் வெடித்தன.

மதினி கத்தரிக்கோலை எடுத்துவந்து, ஒட்டிக் கிடந்த முடியையெல்லாம் கத்தரித்து எறிந்தார். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடம் என் கணவர் ஒரு கதை சொன்னார். குழந்தைக்காக நேர்ந்துகொண்டு திருத்தணியில் போய் நான் முடி கொடுத்துவிட்டேனாம். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். "அந்த முடியவா சாமிக்குக் குடுத்தாங்க!" என்று ஒருவர் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. அந்த வாரம் சரக்கு வழக்கத்தைவிட வேகமாகப் போனது.

பிறகு நெற்றி வீங்கியது. வீக்கம் இறங்கி இமைக்கு வந்தது. ஒரு நாள் காலையில் ஒரு கண் திறக்கவேயில்லை. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது, யாரிடமும் சொல்ல முடியாதது. நீர் பிரியும்போது உயிர் போகும் எரிச்சல். சொட்டுச் சொட்டாக வரும். அதில் ரத்தம் இருந்தது. மதினியிடம் மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. இளநீர் வெட்டிக் கொடுத்தார், நீர்மோர் கொடுத்தார், தம்பியிடமும் போய்ச் சொன்னார். என் கணவர் நிறுத்தச் சொல்லவில்லை. டிங்சர் கொஞ்சம் கூடிவிட்டது போல, குறைத்துப் பார்க்கலாம் என்று வேறு ஒரு புட்டி கலந்து கொண்டுவந்தார்.

பின்கட்டு வாசலுக்குத் தினமும் மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருவர் இருந்தார். குப்பத்துக்காரர். கூடையை இறக்கிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டார். கொஞ்ச நாளாக மதினிதான் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். அன்று மதினி கோயிலுக்குப் போயிருந்ததால், முக்காடு போட்டுக்கொண்டு நான் போனேன்.

"இன்னாம்மா இது, மூஞ்சி இப்டி வீங்கிகினு கீது?" என்று கூடையை விட்டுவிட்டு எழுந்துவிட்டார். முக்காட்டை விலக்கிப் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "அடிப் பாவி! இன்னாத்த பூசுன?"

சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போகலியா உன் ஊட்டுக்காரரு?"

"இது வேலை செய்யுறதுக்கு அடையாளம்னு சொல்றாக."

"வேலையா? தோலு வெந்துகினு கீது, வேலையாமே வேலை! புள்ளையத் தூக்கிக்க. வா என்னோட."

"மதினி வந்தா கேப்பாக."

"கேக்கட்டும். நா சொல்லிக்கிறேன். செத்துப்போனா மட்டும் கேக்க மாட்டாங்களா?"

மீன்கூடையைப் பக்கத்து வீட்டுத் திண்ணையோரம் வைத்து ஈரச்சாக்கைப் போட்டு மூடினார். அன்றைய வியாபாரம் அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, டானிக்குப் புட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். ராயபுரத்துக்கு வந்ததிலிருந்து புருஷனோ மதினியோ இல்லாமல் நான் தெருவில் நடந்தது அன்றுதான். ஒரு கண்ணால்தான் வழி தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா என் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புட்டியை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தார். நீர் பிரிவதைப் பற்றிக் கேட்டார். அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் திகைத்தேன்.

"இதைப் போடச் சொன்னது யாரும்மா?"

"வீட்டுக்காரர்."

"அவருக்குத் தலையில முடி நிறைய இருக்கா?"

"இல்லைங்க. முன்னால வழுக்கை விழுந்திருக்கு."

"அவர் இதைப் போட்டுக்கிறாரா?"

அந்தக் கேள்வி அதுவரை என் மனத்தில் ஒரு முறைகூட எழவில்லை. அவருடைய முன்மண்டை தினமும் என் கண்ணெதிரே பளபளத்துக்கொண்டுதான் இருந்தது.

இதில் இருக்கும் வண்டு டிங்சர் தோல் வழியாக ரத்தத்தில் இறங்கி மூத்திரப்பையைப் புண்ணாக்கும், இன்னும் கொஞ்ச நாள் போட்டிருந்தால் சிறுநீரகமே போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. தலைக்கு ஊதா மருந்து தடவிவிட்டார்கள். குடிக்க ஒரு மிக்சர் கொடுத்தார்கள். "டைபாய்டுக்குப் பிறகு முடி கொட்டுறது எல்லாருக்கும் நடக்கிறதுதான். சும்மா விட்டிருந்தா தானா வளர்ந்திருக்கும். இப்ப வெந்த இடத்துல வருமான்னு சொல்ல முடியாது. இனிமே எதையும் பூசாதே" என்றார்.

சும்மா விட்டிருந்தால் வளர்ந்திருக்கும். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம் என்னோடு நடந்து வந்தது.

அன்று சாயங்காலம் அவர் புதுப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்தபோது, "மொதல்ல நீங்க பூசிக்கிருங்க. ஒங்களுக்கு வளந்தா நானும் பூசிக்கிறேன்" என்றேன்.

"எனக்கெதுக்கு? நான் ஆம்பள."

"அப்ப எனக்கும் வேண்டாம்."

முறைத்துப் பார்த்தார். வீங்கிய கண்ணும் ஊதாத் தலையுமாக நின்றவளை அடிக்க மனம் வரவில்லையோ, இல்லை அருவருப்போ, போய்விட்டார். என்னை அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஆனால் கலந்து வைத்த டானிக்கு வீணாகக் கூடாதே. அதைச் சின்னப் புட்டிகளில் ஊற்றி, தைலத்தின் அதே படத்தை ஒட்டி, கடையில் வைத்துவிட்டார்.

"வேண்டாம்னு சொல்லுங்க மதினி. ஒங்க பேச்சக் கேப்பாக" என்றேன்.

"வியாபாரத்துல நாம என்னத்தச் சொல்ல?" என்றார் மதினி. எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்த அதே கையால் அந்தச் சின்னப் புட்டிகளுக்குத் தக்கை அடைத்துக்கொண்டிருந்தார்.

தலைப்புண் ஆறிப் பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்த நாட்கள். ஒரு மத்தியானம் நடு அறையில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் ஒரு பெண் குரல் கேட்டது. திருவொற்றியூர்ப் பக்கம் தீப்பெட்டி வேலைக்குப் போகிறவள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. கொள்முதலுக்கு வந்த கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் அப்போது அங்கே இருந்தார்கள்.

"நைனா, நீ குடுத்த மருந்து போட்டு ஒரே எரிச்சலு. கொப்புளமா வந்துகினு கீது. வேலைக்குப் போவ முடியல. கொஞ்சம் பாரேன்."

என் கணவரின் குரல் இதமாக வந்தது. "எரியத்தான்மா செய்யும். வேலை செய்யுது. பொறுத்துக்க."

எழுந்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசித்திருந்தால் கால் நகர்ந்திருக்காது. திரையை விலக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய், எல்லோருக்கும் நடுவில் நின்று முக்காட்டை எடுத்தேன். நெற்றிக்கு மேலே சிவந்து சுருங்கிய தோல், அங்கங்கே திட்டுத் திட்டாக முடி, ஊதாக் கறை. கடைக்காரர் ஒருவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தப் படத்துல நிக்கிறது நான்தான்மா. நீ பூசுனததான் நானும் பூசுனேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், புட்டியைப் பார்த்தாள். சின்னப் பெண். இருபது வயதுகூட இருக்காது. அவளுக்கும் வகிட்டுப் பக்கம் எண்ணெய்த் துணி கட்டியிருந்தது.

"அப்போ முடி வரலியாக்கா?"

"வராது. தண்ணி நெறையக் குடி. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."

புட்டியை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் கணவரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கடைக்காரர்கள் போனதும் அவர் கதவைச் சாத்தினார். அன்று அடித்தார். மதினி தடுக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். பிறகு வந்து, என் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தபடியே சொன்னார்: "உள்ள வச்சுப் பேச வேண்டியத கடையில நின்னு பேசலாமா? நீதான அவன் பொழப்புல மண்ணள்ளிப் போட்ட?" வெந்நீரில் நனைத்த துணியை என் முகத்தில் வைத்திருந்த அந்தக் கை மிகவும் மென்மையாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

தீப்பெட்டி வேலைக்குப் போகும் பெண்களிடையே செய்தி பரவிவிட்டது போல. திருவொற்றியூர்க் கடைகளிலிருந்து டானிக்கு திரும்பி வந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவர் லேபிளைக் கிழித்துவிட்டு, வேறு ஒரு படத்தை ஒட்டி, யாரோ ஒரு வெளியூர் வியாபாரிக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டார். எந்த ஊருக்குப் போனது என்று தெரியாது. அந்த ஊரில் எத்தனை பேர் முக்காடு போட்டுக்கொண்டார்களோ. தைலம் பழைய படத்தோடு பழையபடி விற்றது. லேபிளில் இருப்பவள் யார் என்பதைப் பற்றி வாங்குகிறவர்களுக்கு என்ன கவலை?

பின்மண்டையில் முடி வளர்ந்தது, மெலிசாக. வெந்த இடத்தில் வரவில்லை. பக்கவாட்டு முடியை இழுத்துச் சீவி அதன் மேல் மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். கோடை வந்தால் நீர்க்கடுப்பு வரும்; மண்பானையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன். எனக்கு மேலும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். விளக்கை அணைக்காமல் அவர் என் பக்கம் வந்ததில்லை. கடையில் நான் முக்காட்டை எடுத்த நாளுக்குப் பிறகு என் முகத்தையும் தலையையும் பார்க்க அவர் விரும்பியதே இல்லை. மீன்கார அம்மாளைப் பின்கட்டுக்கு வரக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். நான் தெருமுனை வரை போய் வாங்கிக்கொண்டேன். அதை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை.

மகள் பள்ளிக்கூடம் போகும் வயதில், அவளுக்கு அடர்த்தியாக முடி வளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மடியில் உட்காரவைத்துப் பின்னலை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார் அவர். "இன்னும் நாலு வருசம் போகட்டும்" என்று மதினியிடம் சொன்னார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும் வழியில், சட்டைக்காரர்கள் என்று சொல்லும் ஆங்கிலோ இந்திய வீட்டுப் பெண்களுக்கு முடி வெட்டும் ஒரு கடைக்குள் அவளோடு நுழைந்தேன். காதுக்குக் கீழே ஒட்ட வெட்டச் சொன்னேன். மகள் கண்ணாடியைப் பார்த்து ஓவென்று அழுதாள். தன் முடியின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. காரணம் சொன்னால் புரியும் வயது அவளுக்கு இல்லை.

அவள் பெரியவளானதும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அந்தக் கடையில் நான் அவளைக் கேட்காமல் செய்ததை அவள் மறக்கவில்லை என்பது அவள் பேச்சில் எப்போதாவது தெரியும். எங்கள் வீட்டில் பெண்களின் தலையைப் பற்றி யாரும் பெண்களைக் கேட்டதில்லை, நான் உட்பட.

என் கணவர் நெடுநாள் இருந்தார். கடைசி வருடங்களில் படுக்கையில் கிடந்தபோது அவருக்கு நான்தான் எல்லாம் செய்தேன். எத்தனையோ பேசினார். துறைமுகத்தைப் பற்றி, பழைய கடைக்காரர்களைப் பற்றி, தைலத்துக்கு இருந்த மவுசைப் பற்றி. வலித்ததா என்று ஒருமுறையாவது கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.